தம் கட்டாமல் பிலாட்டிஸ்: பக்கவாதத்துக்குப் பிறகு, பி.பி.யோடு இருப்பவர்களுக்கு

பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருக்கிறார், பி.பி.யும் இருக்கிறது, பிலாட்டிஸ் என்கிற, நடு உடம்பைப் பிடித்து வேலை செய்கிற பயிற்சியைச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் வீடியோக்களில் உடம்பை வில்லாக வளைத்துக் காட்டுகிறார்களே, அந்தப் பிலாட்டிஸ் இல்லை. அதில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியை மெதுவாக்கி, கட்டிலிலும் நாற்காலியிலும் செய்கிற மாதிரி மாற்றிக்கொண்டால் நல்ல பயிற்சி. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்தபிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டு, பல மாதம் வீட்டில் செய்ய வைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் இங்கே இருக்கிற எண்ணும் உங்கள் மருத்துவர் சொன்ன எண்ணும் ஒத்துவராவிட்டால், அவர் சொன்னதுதான் கணக்கு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்களும் இதையாவது எடுத்துக்கொண்டு போகவேண்டும்: எந்த அசைவு செய்தாலும் தம் கட்டக்கூடாது. கனமான பெட்டியைத் தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்து, முக்கி, முகம் சிவக்கத் தூக்குவோமே, அதுதான் தம் கட்டுவது. அந்தச் சில நொடிகளில் பி.பி. சரசரவென்று ஏறும். மற்றவர்களுக்கு அது வந்து போகிற விஷயம். மூளையில் ஒரு இரத்தக்குழாய் ஏற்கெனவே அடைத்தோ வெடித்தோ போனவருக்கு அதை அப்படி விட்டுவிட முடியாது.

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"உடற்பயிற்சி செய்யலாமா டாக்டர்" என்று பொதுவாகக் கேட்டால் "செய்யலாமே, நல்லதுதான்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். அது போதாது. வந்தது இரத்தக்கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதமா, குழாய் வெடித்து இரத்தம் கசிந்ததால் வந்ததா என்று கேளுங்கள். கசிவு என்றால் பி.பி. விஷயத்தில் இன்னும் கறாராக இருப்பார்கள், ஆரம்பிக்கும் நாளும் தள்ளிப்போகலாம். மூளை இரத்தக்குழாயில் வீக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போகிறதா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்னது விழுவதோடு சம்பந்தப்பட்டது. அந்த மாத்திரை எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இதைக் கேளுங்கள்: "எந்த பி.பி.க்கு மேல் பயிற்சி வேண்டாம்?" எண்ணாகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் தேறிவிடுவார் என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். 2015இல் அவெர்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி, அதிகமாக நடமாட வைத்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மூன்று மாதம் கழித்துச் சற்றுப் பின்தங்கித்தான் இருந்தார்கள். முதல் நாட்களை மருத்துவமனைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரை வீட்டுக்கு வந்து, பி.பி. ஒரு நிலைக்கு வந்து, பிசியோதெரபிஸ்ட் ஒருமுறையாவது பார்த்து "சரி" என்று சொன்னபிறகு உள்ள காலத்துக்கானது.

பிலாட்டிஸ் ஏன்

ஜோசப் பிலாட்டிஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டுக்காரர் என்று முகாமில் அடைத்துவிட்டார்கள். அங்கே படுக்கையில் கிடந்தவர்களுக்குக் கட்டில் ஸ்பிரிங்குகளைக் கட்டிவிட்டு, படுத்தபடியே கை காலை அசைக்க வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1926 வாக்கில் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் வைத்தார், நடனக்காரர்கள் மொய்த்தார்கள், அதன் பிறகுதான் இது ஒல்லியானவர்களின் பயிற்சி மாதிரி ஆகிப்போனது. அவர் இதற்கு வைத்த பெயர் கன்ட்ராலஜி, அதாவது உடம்பைக் கட்டுப்பாட்டில் வைக்கிற கலை.

பக்கவாதத்தில் கையும் காலும் போனதுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நடு உடம்பும் சேர்ந்து தளர்ந்திருப்பது அவ்வளவாகத் தெரியாது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்வார், படுக்கையில் புரள முடியாது, சட்டை போட முன்னால் குனிந்தால் நிமிர முடியாது. அடிவயிறு, முதுகுத்தண்டை ஒட்டிய தசைகள், இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள், மூச்சுத் தசை என்று நடு உடம்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதுதான் பிலாட்டிஸ், அதனால் பொருந்துகிறது. உட்காருவதிலும் சமநிலையிலும் முன்னேற்றம் தெரிந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு, ஆனால் எல்லாம் சிறியவை. அற்புதம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். பி.பி.யைக் குறைக்க வேண்டும் என்றால் அதற்கு நடைதான் முதல் மருந்து, மாத்திரைக்கு அடுத்தபடியாக. பிலாட்டிஸ் அந்த நடைக்கு உடம்பைத் தயார் செய்கிறது, அவ்வளவே.

பி.பி. பார்ப்பது

கையில் மாட்டுகிற பட்டை உள்ள மின்னணு பி.பி. கருவி ஒன்று வேண்டும். மணிக்கட்டில் கட்டுகிறதைவிட மேற்கையில் கட்டுகிறது நம்பகமானது. பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், சின்னதாக இருந்தால் பி.பி.யைக் கூட்டிக் காட்டும்.

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, புகை கிடையாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரட்டும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பேச்சு கிடையாது, அப்பாவுக்கு இது மட்டும் கடைசிவரை வரவில்லை. கை இதயத்தின் உயரத்தில் மேசை மேலோ தலையணை மேலோ இருக்கட்டும். எப்போதும் பாதிக்காத கையில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் இறுகிப்போன கையிலும் துவண்டுபோன கையிலும் எண் மாறிக் காட்டக்கூடும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு பொதுவாக 130/80க்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறார்கள். பயிற்சிக்கான எல்லை வேறு. எங்களுக்குக் கொடுத்தது 160/100, அதைத் தாண்டினால் அன்று மூச்சுப் பயிற்சி மட்டும். 180/110ஐத் தொட்டால் எதுவுமே கிடையாது. 5 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, குறையவில்லை என்றால் மருத்துவருக்குப் போன். அதோடு தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் என்று ஏதாவது இருந்தால் போன் இல்லை, நேராக அவசர சிகிச்சைக்கு.

பி.பி. ரொம்பக் குறைவாக இருப்பதும் இவர்களுக்கு ஆபத்துதான், இதை யாரும் பேசுவதில்லை. படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். பி.பி. மாத்திரைகள், நீர் பிரிய வைக்கிற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு இது சாதாரணமாக வரும். கண் இருட்டிக்கொண்டு வரும், சரிவார். அதனால் முதல் வாரத்தில் படுத்திருக்கும்போது ஒன்று, நின்றபிறகு ஒன்று என்று இரண்டும் பார்த்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நாடித் துடிப்பை வைத்துப் பயிற்சியை அளக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பீட்டா பிளாக்கர் வகை, அதாவது இதயத் துடிப்பை மெதுவாக்குகிற மாத்திரை எடுப்பவருக்கு அது உதவாது, எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடி அவ்வளவாக ஏறாது. அதற்குப் பதில் அவரிடமே கேளுங்கள். போர்க் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் உயிர் போகிற மாதிரி. நமக்கு வேண்டியது 11 முதல் 13 வரை. எண்ணெல்லாம் சொல்ல வராது என்றால், முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் அதிகம்.

இடமும் சாமானும்

தரையில் மேட் விரித்து ஆரம்பிக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து எழுவதே இவர்களுக்குப் பெரிய தம் கட்டல். கெட்டியான மெத்தை உள்ள கட்டில் போதும், அமுங்குகிற மெத்தை என்றால் இடுப்பு புதைந்துவிடும், ஒன்றும் நடக்காது. கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு இருந்தால் நல்லது. சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று, மூன்று நான்கு தலையணைகள், பாதம் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்று. உடற்பயிற்சிக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

சாப்பிட்ட உடனே வேண்டாம், ஒன்றரை இரண்டு மணி நேரம் போகட்டும். பி.பி. மாத்திரையை வழக்கமான நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள், "பயிற்சி செய்கிறாரே, இன்றைக்கு மாத்திரை வேண்டாம்" என்கிற யோசனை மட்டும் வரவே கூடாது.

மூச்சு

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால் பின்னால் எல்லாமே தம் கட்டலாகத்தான் வரும்.

மல்லாந்து படுத்து, தலைக்கு ஒரு தலையணை, முழங்கால் மடங்கியிருக்கக் காலுக்கு அடியில் இரண்டு தலையணை. பாதித்த தோளுக்கும் முழங்கைக்கும் கீழே மெல்லிய தலையணை ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் தோள் பின்னால் தொங்கி வலிக்கும். நேராகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் முதுகையும் உயர்த்திக்கொள்ளலாம் (புதிதாக அப்படி முட்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்). நல்ல கையை விலாவின் பக்கவாட்டில் வைத்து, மூக்கால் இழுக்கிற மூச்சு அந்தக் கையைப் பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, சூடான பானத்தை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடவேண்டும். 3 எண்ணும் வரை இழுப்பு, 4 அல்லது 5 எண்ணும் வரை விடுவது. நடுவில் நிறுத்தம் கிடையாது. ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு தலை கிறுகிறுத்தால் வேகமாக மூச்சு விடுகிறார் என்று அர்த்தம், நிறுத்திச் சாதாரணமாக மூச்சுவிடட்டும்.

இது பிடிபட்டபிறகு, மூச்சு வெளியே போகும்போது அடிவயிற்றை லேசாக உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். இறுக்கமான கால்சட்டையின் பட்டனைப் போடும்போது வயிற்றை எக்குவோமே, அதில் கால்வாசி. முழுசாக எக்கினால் உடனே மூச்சு நின்றுவிடும். பிலாட்டிஸ்காரர்கள் "சென்டர்" என்று ஓயாமல் சொல்வது இந்த இடத்தைத்தான்.

அப்பாவுக்கு இது எங்கே தப்பிப்போனது என்றால், படுத்து மூச்சுவிடுகிறபோது அழகாகச் செய்தார், இடுப்பைத் தூக்கச் சொன்னதும் கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, நல்ல கை கட்டில் விரிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தது. "மூச்சு விடுங்கப்பா, மூச்சு விடுங்க" என்று நான் கத்தினேன். கத்தியதில் அவர் இன்னும் இறுகினார். மறுமுறை வந்தபோது பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஐயா, தூக்கும்போது ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாக எண்ணுங்க." அவ்வளவுதான். வாயால் எண்ணிக்கொண்டே யாராலும் தம் கட்ட முடியாது. அப்பாவுக்குப் பேச்சும் கொஞ்சம் குழறியது, "இரண்டு" வரவே வராது, அதனால் "ஆ... ஆ..." என்று நீட்டினார், அதுவும் போதுமாக இருந்தது. கன்னம், கழுத்து, நல்ல கை, இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தால் கருவி இல்லாமலே தம் கட்டுவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

படுத்தபடி செய்பவை

இடுப்பை உருட்டுவது முதலாவது. முழங்கால் மடக்கி, பாதம் இரண்டும் மெத்தையில். மூச்சு விடும்போது இடுப்பின் பின்பக்கத்தை மெத்தையோடு அழுத்த வேண்டும், இழுக்கும்போது தளர்த்த வேண்டும். அசைவு இரண்டு விரல் அளவுதான், பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பாதித்த காலின் முழங்கால் வெளியே சரியும், நீங்கள் கையை அணைத்து வைத்துக்கொள்ளலாம், தள்ளாதீர்கள். 5 முறை.

அடுத்து குதிகாலை நழுவ விடுவது. மூச்சு விட்டுக்கொண்டே ஒரு குதிகாலை மெத்தை மேலேயே நகர்த்திக் காலை நீட்டி, மூச்சு இழுத்துக்கொண்டு திரும்ப மடக்க வேண்டும். நல்ல காலில் முதலில், அந்த உணர்வு மனத்தில் இருக்கும்போதே பாதித்த காலில். திரும்ப இழுக்க வரவில்லை என்றால் குதிகாலுக்கு அடியில் வழுவழுப்பான துணியைப் போட்டு, நீங்கள் குதிகாலையும் முழங்காலின் பின்பக்கத்தையும் தாங்கி, அவர் முயல்கிற அளவுக்கு மட்டும் கூடச் செல்லுங்கள். பாதம் படபடவென்று தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், தசை இறுக்கத்தால் வருவது. பாதத்தை மெத்தையில் முழுசாக அழுத்தி வைத்தால் நின்றுவிடும், கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

முழங்காலைப் பக்கவாட்டில் சாய்ப்பதும் இதே மாதிரிதான். ஒரு முழங்காலை மட்டும் வெளிப்பக்கம் மெதுவாகச் சாய்த்து, மறுபக்க இடுப்பு தூக்கிக்கொள்ளும் முன் நிறுத்தித் திரும்ப வேண்டும். இறங்குவதில்தான் பயிற்சி, பொத்தென்று விழவிட்டால் பயனில்லை.

இடுப்பைத் தூக்குகிற பாலம் மூன்றாம் வாரம் போல வரட்டும். பி.பி. அதிகம் ஏற வாய்ப்புள்ளதும் இதுதான், நடைக்கு அதிகம் உதவுவதும் இதுதான். பாதித்த பாதத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு. சத்தமாக எண்ணிக்கொண்டே இடுப்பை ஒரு சாண் அளவு தூக்கி, மூச்சை உள்ளே இழுத்து, அடுத்த மூச்சை விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். மேலே நின்றுகொண்டே இருக்கக்கூடாது, தசையை இறுக்கி நிறுத்தி வைப்பதே பி.பி.யை ஏற்றும். அதிக உயரமும் வேண்டாம், இடுப்பு மேலே போகப் போகத் தலை தாழ்கிறது. முதல் தடவை மூன்றே முறை செய்து, உடனே பி.பி. பாருங்கள். கொஞ்சம் ஏறியிருக்கும், அது இயல்பு. ஐந்து பத்து நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் சரி. வரவில்லை, அல்லது மருத்துவர் கொடுத்த எல்லையைத் தாண்டியது என்றால் பாலத்தை விட்டுவிட்டு இடுப்பை உருட்டுவதோடு இன்னும் சில வாரம் இருங்கள்.

கைக்கு: நல்ல கை விரல்களைப் பாதித்த கை விரல்களோடு கோத்து, அல்லது நல்ல கையால் பாதித்த மணிக்கட்டைப் பிடித்து, மூச்சு விட்டுக்கொண்டே கூரையை நோக்கித் தூக்க வேண்டும். தோள் உயரம் போதும். தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போகக்கூடாது, பாதித்த தோளின் மூட்டு தளர்ந்து இறங்கியிருக்கலாம், அதைப் பிடித்து இழுத்தால் மாதக்கணக்கில் வலி நிற்காது. கைக்குத் தனி பிசியோதெரபி போகும், இங்கே இவ்வளவு போதும்.

உட்கார்ந்தும் நின்றும்

படுத்ததிலிருந்து நேராக நிமிர்த்தாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கட்டும், இரண்டு மூச்சு. காலைக் கீழே தொங்கவிட்டு எழுந்து உட்காரட்டும், ஒரு நிமிடம். "தலை சுத்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தது.

நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில். முதலில் எடையை ஒரு பிட்டத்திலிருந்து மறு பிட்டத்துக்கு மாற்றுவது. சும்மா சாய்வது போலத் தெரியும், ஆனால் பாதித்த பக்கம் எடை போடவே பலருக்குப் பயம், அந்தப் பக்கம் இருப்பதே சிலருக்கு மறந்துபோயிருக்கும். நீங்கள் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் தோளை அவர் தோள் தொடச் சொன்னால் எளிதாக வரும். பிறகு கைகளை மார்பின் முன் கோத்துக்கொண்டு, மூச்சு விட்டபடி உடம்பை ஒரு பக்கம் திருப்பி, மூச்சு இழுத்தபடி நடுவுக்கு. கழுத்து மட்டும் திரும்பக்கூடாது, சட்டையின் நடு பட்டன் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு இந்தப் பட்டன் கணக்கு மட்டும்தான் புரிந்தது.

உட்கார்ந்து எழுவது கடைசி, எல்லாப் பயிற்சிக்கும் இதுதான் ராஜா. பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். நல்ல பாதத்தைவிடப் பாதித்த பாதம் கொஞ்சம் பின்னால் இருந்தால் அந்தக் கால் வேலை செய்தே தீர வேண்டும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, எண்ணிக்கொண்டே எழுந்து, எண்ணிக்கொண்டே மெதுவாக உட்கார வேண்டும். நீங்கள் பாதித்த பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். தூக்கிவிடக் கையை நீட்டுபவர்கள் எப்போதும் அவருடைய கையைத்தான் பிடிக்கிறார்கள், அக்குளில் கொடுத்துத் தூக்குகிறார்கள். இரண்டும் தப்பு. இடுப்பில் ஒரு அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள்.

இதெல்லாம் பழகியபிறகு கனமான மேசையையோ கைப்பிடிக் கம்பியையோ பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம், வெறுங்காலோடு இல்லை, பிடிமானமுள்ள ஷூவோடு. பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் பட்டை போடுபவர் என்றால் அதோடு குதிகால் உயராது, பட்டையோடு எடை மாற்றுவது மட்டும் செய்யட்டும்.

எவ்வளவு, எத்தனை நாள்

முதல் வாரம் 10 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். ஒவ்வொன்றும் 5 முறை. பிறகு நேரத்தைக் கூட்டுங்கள், 20, 25 நிமிடம் வரை. கனத்தைக் கூட்டாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் வருகிற களைப்பு சோம்பேறித்தனம் இல்லை, தூங்கினாலும் போகாத களைப்பு. பயிற்சிக்கு மறுநாள் காலை எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். நடுவில் திடீரென்று அழுகை வரலாம், சம்பந்தமே இல்லாமல் சிரிப்பு வரலாம், அதுவும் மூளை பாதிப்பால் வருவதுதான். நாங்கள் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஒன்றும் கேட்காமல் தொடர்வோம்.

முடித்ததும் சட்டென்று எழுந்து போகவிடாதீர்கள். பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் பி.பி. வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும், நல்ல விஷயம்தான், ஆனால் இந்த நேரத்தில் குளியலறைக்கு வேகமாகப் போனால் தலை சுற்றி விழலாம். 5 நிமிடம் உட்கார்ந்து, பி.பி. பார்த்து, நோட்டில் எழுதி, அப்புறம் எழட்டும்.

தொடவே கூடாதவை

பிலாட்டிஸ் என்றாலே முதலில் காட்டுகிற "ஹன்ட்ரட்", தலையையும் காலையும் தூக்கி வைத்துக்கொண்டு நூறு எண்ணும்வரை கையை அடிப்பது, இவர்களுக்கு இல்லை. காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகிற ரோல் ஓவர், அங்கிருந்து காலை நேரே மேலே நிமிர்த்துகிற ஜாக்நைஃப், பந்து மாதிரி உருள்வது, எதுவும் இல்லை. இதயத்தைவிடத் தலை கீழே போகிற எதுவும் வேண்டாம். கையிலும் கால்விரலிலும் உடம்பைத் தாங்கி நீண்ட நேரம் பிளாங்க் நிற்பதும் வேண்டாம். நின்றபடி குனிந்து தரையைத் தொடுவதும் இதில் சேர்த்தி, எல்லோரும் அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பாதித்த கையில் எடை கட்டுவது, ரப்பர் பட்டையைப் பல்லைக் கடித்து இழுப்பது, இதெல்லாம் யாராவது உறவினர் வந்து ஆர்வத்தில் ஆரம்பிப்பார், அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

உடனே நிறுத்த வேண்டியது

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கை தூக்கினால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா: ஏற்கெனவே இருப்பதைவிடப் புதிதாக, அதிகமாக இருந்தால், பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். திடீர்ப் பார்வைக் கோளாறு, நிலைதடுமாற்றம், இதுவரை வராத கடும் தலைவலி, இவையும் அதே. படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், வாயில் தண்ணீரோ கூடுதல் பி.பி. மாத்திரையோ கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் புரையேறிவிடும். கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கணக்கு, அது கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நெஞ்சில் அழுத்தம், மயக்கம் என்றாலும் யோசிக்க ஒன்றுமில்லை, ஆம்புலன்ஸ்தான்.

வெளியே வகுப்புக்குப் போவதானால்

சில மாதம் கழித்து வகுப்புக்குப் போக ஆசை வரும், நல்லதுதான். ரிஃபார்மர் என்கிற ஸ்பிரிங் வைத்த வழுக்குக் கட்டில், தகுந்த ஆள் பக்கத்தில் இருந்தால், பலவீனமான காலுக்கு நன்றாகவே உதவும். ஆனால் அதன் பலகை நகரும், ஏறி இறங்குவதில்தான் விபத்து. முப்பது பேர் வகுப்பில் இது நடக்காது, தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ, நரம்பியல் நோயாளிகளோடு வேலை பார்த்த பிசியோதெரபிஸ்ட் நடத்துகிற இடமாகப் பாருங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் அப்பாவின் கையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார் ஒருவர், அன்று இரவு முழுக்கத் தோள்வலி. இப்போதெல்லாம் நான் பயிற்சியாளரின் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் வேறொன்றைப் பார்க்கிறேன். போய் உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் "பி.பி. இப்போ எவ்வளவு இருக்கு, என்னென்ன மாத்திரை போகுது?" என்று அவராகவே கேட்க வேண்டும். கேட்கவில்லையா, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம், மெதுவாக, ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு.